அம்மாவின் பெயரை ஜீபி (குடும்ப டாக்டர்) பட்டியலில் இருந்து எடுத்துவிட்டார்கள். இது முறையா?

வடமேற்குவாசி | பதிவு 1

எல்லோருக்கும் வணக்கம். கோபத்தில் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 74 வயது. பிரஷருக்கும் சுகருக்கும் பதினைந்து வருடமாகக் குளிசை எடுக்கிறார். போன ஜூலையில் நல்லூர்த் திருவிழாவுக்கென்று யாழ்ப்பாணம் போனார். இரண்டு மாதத்தில் திரும்புவதாகத்தான் டிக்கெட். அங்கே சின்னம்மாவுக்குச் சுகமில்லாமல் போக, அவருக்குத் துணையாக நின்றுவிட்டுத் தைப்பொங்கலும் முடிந்த பிறகுதான் ஹீத்ரோவில் வந்து இறங்கினார். கொண்டுபோன குளிசை முடிந்ததும் அங்கேயே பார்மசியில் வாங்கிச் சமாளித்திருக்கிறார்.

வந்த வாரம் நான் ஆப்பில், மாதா மாதம் எடுக்கும் ரிப்பீட் மருந்து கேட்கப் பார்த்தேன். கேட்க விடவில்லை. ஜீபி இருக்கும் சேர்ஜரிக்கு நேரில் போனால், "இவர் இப்போது எங்கள் நோயாளி இல்லை, நவம்பரில் பெயர் எடுபட்டுவிட்டது" என்றார்கள். காரணம் கேட்டேன். போன மே மாதம் அம்மாவுக்குப் போன கடிதம் திரும்பி வந்ததாம்.

நாங்கள் மூன்று வருடத்துக்கு முன் மூன்று தெரு தள்ளி வீடு மாறினோம். கவுன்சிலுக்குச் சொன்னோம், பாங்குக்குச் சொன்னோம், கண் கிளினிக்குக்குச் சொன்னோம். சேர்ஜரிக்குச் சொன்னோமா என்று மனைவி கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. சரி, அது எங்கள் பிழை. ஆனால் 19 வருடம் அதே சேர்ஜரியில் இருந்த ஒரு கிழவியை, மாதா மாதம் மருந்து எடுத்தவரை, போன் நம்பர்கூட மாறாதவரை, ஒரு டெக்ஸ்ட் போட்டுக் கேட்காமல் எடுத்துவிடலாமா?

ஊரின் பெயர், சேர்ஜரியின் பெயர் போடவில்லை. சண்டை பிடிக்க வரவில்லை. அடுத்து என்ன செய்வது என்பதும், இந்த விதி எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்தால் போதும்.

ஈஸ்ட்ஹாம் அக்கா | பதிவு 2

தம்பி, விவாதம் பிறகு. முதலில் குளிசை. எத்தனை நாளுக்குக் கையில் இருக்கிறது?

இரண்டு நாளுக்குக் கீழே என்றால் வழக்கமாக மருந்து எடுக்கும் பார்மசிக்குப் பழைய பெட்டியோடு போங்கள். அவசரத்துக்குக் கொடுக்க அவர்களுக்கு வழி உண்டு. இல்லையென்றால் 111க்கு, அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ்ஸின் உதவி எண்ணுக்கு, போன் எடுங்கள். இன்றைக்கே அதே சேர்ஜரியில் மறுபடி பதியக் கொடுங்கள். இன்டர்நெட்டிலும் பதியலாம், தாளிலும் பதியலாம். பாஸ்போர்ட் கொண்டு வா, கரண்ட் பில் கொண்டு வா என்று முன்மேசையில் கேட்டால், அது கட்டாயம் இல்லை என்று பணிவாகச் சொல்லுங்கள். என்.எச்.எஸ் வழிகாட்டலே அப்படித்தான் சொல்கிறது. விசாவும் கேட்கத் தேவையில்லை. வீடே இல்லாதவரைக்கூடச் சேர்ஜரியின் விலாசத்தைப் போட்டுப் பதியலாம்.

அம்மாவின் பழைய ஃபைல் அழிந்திருக்காது. பயப்பட வேண்டாம்.

வடமேற்குவாசி | பதிவு 3

நன்றி அக்கா. ஐந்து நாளுக்கு இருக்கிறது. நாளைக்குக் காலையில் போகிறேன்.

ரீடிங்காரன் | பதிவு 4

அம்மாவுக்கு நடந்தது வருத்தம்தான் நண்பரே. ஆனால் எதிர்ப்பக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும், நானே சொல்லிவிடுகிறேன்.

இங்கிலாந்தில் 2021 கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை 5 கோடி 65 லட்சம். அதே ஆண்டில் ஜீபி பட்டியல்களில் இருந்தவர்கள் 6 கோடிக்கும் மேல். இப்போது அது 6 கோடி 30 லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஆட்களும் கூடியிருக்கிறார்கள்தான், ஆனாலும் நாற்பது ஐம்பது லட்சம் பெயர் மிச்சம் நிற்கிறது. அந்தப் பெயர்களுக்கு உடம்பே கிடையாது. இங்கே பத்திரிகைகள் அவர்களைப் 'பேய் நோயாளிகள்' என்றே எழுதுகின்றன.

டாக்டருக்குப் பணம் வருவது தலைக்கணக்கில். ஒரு தலைக்கு ஆண்டுக்கு 120 பவுண்டு அளவில் என்று வைத்தால், நாற்பத்தைந்து லட்சம் பேய்களுக்கு ஐம்பது கோடி பவுண்டுக்கு மேல் போகிறது. என் சம்பளத்தில் பிடிக்கும் வரியும் அதில் இருக்கிறது.

எங்கள் ஊரில் இறந்துபோன தாத்தா பெயர் ரேஷன் கார்டில் இருக்கும், மாதா மாதம் அவர் பெயரில் சர்க்கரையும் வரும். தாத்தாவை நீக்கியபோது எல்லோரும் கத்தினார்கள். நீக்கியது தப்பா? அதே மாதிரிதான் இதுவும். பட்டியல் என்று ஒன்று இருந்தால் அவ்வப்போது தூசி தட்டத்தான் வேண்டும். ஐந்து வருடமாக எட்டிப் பார்க்காதவரை எடுத்துவிட்டு, வேண்டுமென்றால் திரும்பி வந்து பதியச் சொல்லலாம். அக்கா சொல்லும் வழியில் பதிந்தால் அது அரை மணி நேர வேலை.

முன்மேசை | பதிவு 5

பதினொரு வருடமாக லண்டனில் ஒரு சேர்ஜரியின் முன்மேசையில் இருக்கிறேன். எல்லோரும் ஏசுகிற அந்த ஆள் நான்தான். உள்ளே நடப்பதைச் சொல்கிறேன்.

பெயரை எடுப்பது பெரும்பாலும் நாங்கள் இல்லை. பட்டியல் பராமரிப்பு வேலை 2015ல் கபிட்டா என்ற தனியார் நிறுவனத்திடம் போனது. அவர்கள் சில வகை ஆட்களைத் தேடி எடுத்துக் கடிதம் போடுவார்கள். 100 வயதைத் தாண்டியவர்கள், ஒரே விலாசத்தில் நிறையப் பேர் இருக்கும் வீடுகள், நாலு வருடத்துக்கு மேல் பல்கலைக்கழக விலாசத்திலேயே இருக்கும் மாணவர்கள், இடித்துவிட்ட கட்டடங்களில் இன்னும் 'வசிப்பவர்கள்', பெரியவர் யாரும் இல்லாமல் தனியாக வாழ்வது போலத் தெரியும் பிள்ளைகள். இது போக, யாருக்குப் போன கடிதமாவது 'இந்த விலாசத்தில் இல்லை' என்று திரும்பி வந்தாலும் கணக்கில் வரும்.

பதில் வராவிட்டால் அந்தப் பெயருக்கு மேல் ஒரு கொடி ஏறும். எஃப்.பி.69 என்று பெயர். எங்கள் கணினியில் அது தெரியும். ஆறு மாதம் அவகாசம். அதற்குள் "இவர் இங்கேதான் இருக்கிறார், இதுதான் விலாசம்" என்று நாங்கள் சொன்னால் கொடி இறங்கும். சொல்லாவிட்டால் பெயர் தானாகவே போய்விடும். மேயில் கடிதம் திரும்பி நவம்பரில் பெயர் போயிருக்கிறது என்றால் அந்தக் கணக்குத்தான்.

இனி மனச்சாட்சியோடு ஒன்று. கொடி ஏறினவர்களின் லிஸ்டை நாங்கள் பார்க்க வேண்டும். நல்ல சேர்ஜரியில் ஒருவர் உட்கார்ந்து, கடைசியாக எப்போது மருந்து எடுத்தார், ஆஸ்பத்திரிக் கடிதம் ஏதாவது வந்ததா என்று பார்த்துப் போன் பண்ணுவார். ஆள் பற்றாக்குறையான இடத்தில் அந்த லிஸ்ட் யாருடைய மேசையிலோ கிடக்கும். வடமேற்குவாசி, உங்கள் அம்மாவின் பெயரைத் திறந்து பார்த்தவர் ஜூலைக்குப் பிறகு ரிப்பீட் இல்லை என்பதைக் கண்டு, ஆள் போய்விட்டார் என்று நினைத்திருப்பார். அல்லது திறந்தே பார்த்திருக்க மாட்டார். உண்மையைச் சொன்னால் இரண்டாவதுதான் கூடுதலாக நடக்கும்.

முன்மேசை | பதிவு 6

மேலே ஒன்று விட்டுப்போனது. நம் ஆட்களின் பெயர் தனிக்கதை.

கந்தையா மகன் சிவநேசன் இங்கே வந்து இறங்குகிறார். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் கந்தையா. கொஞ்சக் காலம் கழித்து வேறு பத்திரத்தில் சிவநேசன் குடும்பப் பெயராகிறது. மனைவியின் குடும்பப் பெயர் சிவநேசன், பிள்ளைகளுக்கும் சிவநேசன், கூட இருக்கும் மாமியாருக்கு அவர் கணவர் பெயர், தம்பிக்குக் கந்தையா. வெளியில் இருந்து பார்க்கிறவருக்கு ஒரே வீட்டில் சம்பந்தமில்லாத மூன்று குடும்பம். சந்தேக லிஸ்டில் ஏறாமல் என்ன செய்யும்?

இதைவிட மோசம், ஒரே ஆள் இரண்டு விதமாகப் பதிந்து இரண்டு என்.எச்.எஸ் எண் வைத்திருப்பது. அவர் மோசடிக்காரர் இல்லை, எழுத்துக்கூட்டல்தான் மோசடி செய்தது. ஒருவர் புது சேர்ஜரியில் பதிந்தால் பழைய இடத்தில் அவர் பெயர் தானாக விழ வேண்டும். இரண்டு எண் இருந்தால் எப்படி விழும்? ரீடிங்காரன் சொல்லும் பேய்களில் இப்படிப் பிறந்தவையும் உண்டு.

ரீடிங்காரன் | பதிவு 7

விளக்கத்துக்கு நன்றி. ஆனால் நீங்கள் சொன்னதே என் வாதத்துக்குத்தான் பலம். பட்டியல் அவ்வளவு குழப்பமாக இருக்கிறது. 2019ல் என்.எச்.எஸ் மோசடித் தடுப்பு ஆணையமே இந்தப் பேய் நோயாளிகளைப் பற்றி விசாரிக்கப் போவதாக அறிவித்தது. நெருப்பில்லாமல் புகையுமா?

பழைய பனை | பதிவு 8

தம்பி ரீடிங், நான் பார்மசியில் 31 வருடம் நின்று ஓய்வு பெற்றவன். கொஞ்சம் பின்னாலிருந்து சொல்கிறேன், கேளும்.

தலைக்கணக்கில் டாக்டருக்குக் காசு கொடுப்பது என்.எச்.எஸ்ஸோடு வந்தது இல்லை. லாய்ட் ஜார்ஜ் 1911ல் கொண்டுவந்த காப்புறுதிச் சட்டம், 1913ல் இருந்து நடைமுறை. தொழிலாளி ஒரு டாக்டரின் பட்டியலில் பெயர் கொடுப்பார், டாக்டருக்கு ஆளுக்கு இவ்வளவு என்று வரும். நோயாளியின் தாள்களைப் போட்டுவைத்த அந்தச் சின்ன உறைக்கு இன்றைக்கும் லாய்ட் ஜார்ஜ் உறை என்றுதான் பெயர். 1948ல் என்.எச்.எஸ் வந்தபோது அந்த ஏற்பாட்டை நாட்டில் எல்லோருக்கும் விரித்தார்கள்.

அதன் அடிப்படை என்ன? ஊரில் மரண உதவிச் சங்கம் இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? வீட்டுக்கு இவ்வளவு என்று மாதச் சந்தா. ஒரு வீட்டில் இழவு விழுந்தால் சங்கம் பந்தல், பறை, பாடை எல்லாம் பார்த்துக்கொள்ளும். "உங்கள் வீட்டில் ஐந்து வருடமாக ஒருவரும் சாகவில்லை, ஆகவே உங்கள் பெயரை வெட்டிவிட்டோம், செத்த பிறகு வந்து பதியுங்கள்" என்று எந்தச் செயலாளராவது சொன்னாரா?

ஐந்து வருடம் டாக்டரிடம் போகாத 30 வயதுக்காரர்தான் இந்த ஏற்பாட்டின் தூண். அவருக்கு வரும் காசில்தான் மாதம் மூன்று முறை வரும் என் போன்ற கிழவனைப் பார்க்கிறார்கள். கணக்கும் அதை அறிந்தே போட்டிருக்கிறது. கார்-ஹில் சூத்திரம் என்று ஒன்று உண்டு, எல்லாத் தலைக்கும் ஒரே நிறை இல்லை. வயது, ஆண் பெண், முதியோர் இல்லத்தில் இருப்பவரா என்றெல்லாம் பார்த்துக் கூட்டிக் குறைக்கும். வராத இளைஞருக்கு ஏற்கெனவே குறைவாகத்தான் கொடுக்கிறார்கள். ஆகவே உம்முடைய பெருக்கல் கணக்கிலும் ஓட்டை இருக்கிறது.

இன்னொரு வேடிக்கை. அதே சூத்திரத்தில் புதிதாகப் பதிந்தவருக்கு முதல் 12 மாதமும் ஒன்றுக்குப் பதிலாக 1.46 என்று நிறை. வராதவரை எடுத்துவிட்டு, அவர் திரும்பி வந்து புதியவராகப் பதிந்தால் அந்த வருடம் உம் வரிப்பணத்தில் கூடுதலாகப் போகும்.

ரீடிங்காரன் | பதிவு 9

மரண உதவிச் சங்கம் உதாரணம் நன்றாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன் ஐயா. ஆனால் சங்கத்தில் சந்தா கட்டியவர் இருப்பார். இங்கே நாட்டை விட்டே போனவர், இறந்தவர், இரண்டு எண் வைத்தவர் பெயரிலும் சந்தா எடுக்கிறார்களே. அதைத்தான் கேட்கிறேன்.

பழைய பனை | பதிவு 10

அப்படிக் கேளும், அதில் எனக்கும் சண்டை இல்லை. இல்லாதவரை எடுக்கட்டும். வராதவரை ஏன் எடுக்க வேண்டும்? நீர் நாலாம் பதிவில் இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டினீர்.

இந்தக் குழப்பம் உமக்கு மட்டும் வந்தது இல்லை. 2016 வாக்கில், ஐந்து வருடம் ஜீபியிடம் போகாதவர்களுக்குக் கடிதம் போட்டுப் பதில் இல்லையென்றால் பெயரை எடுக்கலாம் என்று மேலிடத்திலேயே ஒரு திட்டம் ஓடியது. மருத்துவர் சங்கம் கடுமையாக எதிர்த்தது. சுகமாக இருப்பதைக் குற்றமாக்காதீர்கள் என்பதுதான் வாதத்தின் சாரம். தங்கள் வருமானம் போகும் என்ற கவலையும் அதில் இருந்திருக்கும், நான் மறைக்கவில்லை.

டூட்டிங்_24 | பதிவு 11

நான் அந்த 'தூண்'. 24 வயதில் இங்கே பதிந்தேன், இப்போது 31, ஒரு முறைகூட டாக்டரைப் பார்த்ததில்லை. பேய் இல்லை, ஜிம்முக்குப் போகிறேன்.

ஒஸ்லோக்காரன் | பதிவு 12

நோர்வேயில் இருந்து இந்த இழையை வாசிக்க ஆச்சரியமாக இருக்கிறது. இங்கேயும் 2001ல் இருந்து ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி ஒரு குடும்ப வைத்தியர், அவருக்கும் தலைக்கணக்கில் ஒரு பங்கு வருகிறது. ஆனால் வைத்தியரின் பட்டியல் தனியாகத் தொங்கவில்லை, நாட்டின் குடிசனப் பதிவேட்டில் தொங்குகிறது. வீடு மாறினால் பதிவேட்டுக்குச் சொல்ல வேண்டும். ஆறு மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் குடியிருக்கப் போனால் அதையும் சொல்ல வேண்டும். போய்விட்டீர்கள் என்று பதிவேட்டில் ஏறியதும் வைத்தியரும் போய்விடுவார். வராதவர் யார், இல்லாதவர் யார் என்று வைத்தியரின் மேசையில் இருப்பவர் தலையைப் பிய்க்கத் தேவையில்லை.

இங்கிலாந்தில் அப்படி ஒரு பதிவேடு இல்லையா?

முன்மேசை | பதிவு 13

இல்லை. அதுதான் விஷயமே. யார் எங்கே இருக்கிறார் என்று முழுதாகச் சொல்லும் ஒரு புத்தகம் இந்த நாட்டில் கிடையாது. அடையாள அட்டை என்றாலே இங்கே சனங்களுக்குக் காய்ச்சல் வரும். அதனால் ஜீபி பட்டியலே அரைகுறையாக அந்த வேலையையும் பார்க்கிறது. உள்நாட்டில் யார் எந்த ஊருக்குக் குடிபெயர்ந்தார் என்று புள்ளிவிவரத் துறை கணக்குப் போடுவதற்குக்கூட இந்தப் பதிவுகளை எடுத்திருக்கிறார்கள்.

புற்றுநோய்ப் பரிசோதனை அழைப்புகளும் இதில் இருந்துதான் போகின்றன. கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை 25 முதல் 64 வயது வரை, மார்பகம் 50 முதல் 71 வரை, குடலுக்கு வீட்டுக்கே வரும் அந்தச் சின்னப் பெட்டி 50 முதல் 74 வரை. ஜீபி பட்டியலில் பெயர் இல்லையென்றால் அழைப்பு வருவது நின்றுபோகும். நின்றது உங்களுக்குத் தெரியவும் வராது. வராத கடிதத்தை யார் கவனிக்கிறார்கள்?

ஈஸ்ட்ஹாம் அக்கா | பதிவு 14

இதை நான் சொல்ல நினைத்தேன், முன்மேசை முந்திவிட்டார். என் ஒன்றுவிட்ட தங்கைக்கு நடந்தது இது. கணவர் வேலை மாறி இரண்டு ஊர் மாறினார்கள். எங்கேயோ ஒரு கட்டத்தில் பெயர் விழுந்திருக்கிறது. அவளுக்குச் சளிக் காய்ச்சல்கூட வராது, டாக்டரிடம் போகும் ஆள் இல்லை. ஏழு வருடம் கழித்து வேறு எதற்கோ பதியப் போனபோதுதான் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்குப் பல வருடமாக அழைப்பே வரவில்லை என்று தெரிந்தது. பிறகு செய்து பார்த்தார்கள், ஒன்றும் இல்லை, கடவுள் புண்ணியம். ஆனால் ஒன்று இருந்திருந்தால்?

2018ல் செய்திகளில் அடிபட்டதே, கபிட்டா அனுப்ப வேண்டிய இதே பரிசோதனைக் கடிதங்கள் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்குப் போகவில்லை என்று. அது பெயர் நீக்கியதால் வந்ததில்லை, வேறு பிழை. ஆனால் ஒரு கடிதம் போகாவிட்டால் என்ன பதற்றம் என்று அன்றைக்கு நாடே பார்த்தது. பெயர் எடுபட்ட ஒருத்திக்குப் போகாத கடிதத்துக்கு யார் பதறுகிறார்கள்?

ரீடிங்காரன் | பதிவு 15

சரி, இது நான் யோசிக்காத பக்கம். அரை மணி நேர வேலை என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். தன் பெயர் எடுபட்டது தெரிந்தவருக்குத்தான் அது அரை மணி நேர வேலை.

ஆனால் ஒரு கேள்வி. வராதவர் பெயர் பட்டியலில் இருப்பது சேர்ஜரிக்கு எப்போதும் லாபம்தானே? அப்படியானால் அவர்கள் ஏன் முனைந்து தூசி தட்டுவார்கள்?

முன்மேசை | பதிவு 16

எப்போதும் லாபம் என்று நினைக்காதீர்கள். கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையில், பிள்ளைகளின் தடுப்பூசியில் எங்களுக்கு இலக்கு இருக்கிறது. நூற்றுக்கு இவ்வளவு பேருக்குச் செய்தால்தான் அந்தக் காசு. என்றைக்கோ சொந்த ஊருக்குப் போய்விட்ட பெண்ணும் குழந்தையும் பட்டியலில் இருந்தால், எத்தனை முறை கடிதம் போட்டாலும் எத்தனை முறை போன் அடித்தாலும் அவர்கள் 'செய்யாதவர்கள்' கணக்கில்தான் விழுவார்கள். மாதக்கடைசியில் எங்கள் நர்ஸ் அந்த லிஸ்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதைப் பார்க்க வேண்டும். இல்லாதவர் போக வேண்டும் என்று எங்களைவிட ஆசைப்படுகிறவர் யாரும் இல்லை.

எங்களுக்குப் பயம் தருவது மற்றப் பக்கம். கொடி ஏறுபவர்களில் யார் கூடுதல் என்று என் மேசையில் இருந்து பார்த்தால், ஆங்கிலம் வாசிக்காத கிழவர்கள், அறை அறையாக வாடகைக்கு இருப்பவர்கள், மன அழுத்தத்தில் கடிதமே பிரிக்காதவர்கள். பிரவுன் கவர் வந்தால் காசு கேட்கிறார்கள் என்று நினைத்து அலுமாரிக்கு மேல் போடும் வீடுகள் எத்தனை! எங்கள் அப்பாவே அப்படித்தான்.

ஸ்கார்பரோ மாமி | பதிவு 17

கனடாவிலும் பட்டியல் கதை உண்டு, ஆனால் வேறு மாதிரி. ஒன்ராறியோவில் குடும்ப டாக்டரிடம் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டுச் சேருவோம். பல வருடமாக இருந்த ஏற்பாட்டில், நம் டாக்டர் இருக்க நாம் ரோட்டோர வாக்-இன் கிளினிக்குக்குப் போனால், நம் டாக்டருக்கு வரவேண்டிய ஊக்கத்தொகையில் அந்தச் செலவு கழியும். அதனால் "நீங்கள் அடிக்கடி வெளியே போகிறீர்கள், இப்படியே போனால் பட்டியலில் இருந்து எடுப்போம்" என்று கடிதம் வாங்கியவர்கள் எங்கள் கோயிலிலேயே இருக்கிறார்கள். அங்கே உங்களுக்குப் போகாததற்குத் தண்டனை, இங்கே எங்களுக்கு வேறு இடத்துக்குப் போனதற்கு.

பெயர் போனால் திரும்பச் சேருவது அரை மணி நேரமா? சிரிப்பு வருகிறது. இங்கே 2024ல் குடும்ப டாக்டர் கிடைக்காமல் இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். சூ செயின்ட் மேரி என்ற நகரத்தில் 2024 மே மாதத்தோடு பத்தாயிரம் பேரைப் பட்டியலில் இருந்து விட்டார்கள், பார்க்க டாக்டர்கள் இல்லை என்று. அவர்கள் வராதவர்களும் இல்லை, இல்லாதவர்களும் இல்லை. வந்துகொண்டிருந்தவர்கள்.

வடமேற்குவாசி | பதிவு 18

எல்லோருக்கும் நன்றி. இன்றைய நிலவரம்.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். புது விலாசம், என் போன் நம்பர், தங்கையின் போன் நம்பர் எல்லாம் கொடுத்துப் பதிந்தாயிற்று. ஃபைல் அப்படியே இருக்கிறது. குளிசை வெள்ளிக்கிழமை கிடைக்கும் என்றார்கள், அதுவரை கையில் இருப்பது காணும்.

மேனேஜருடன் பத்து நிமிடம் பேசக் கிடைத்தது. நல்ல மனுசி. கொடி ஏறியதை ஒருவரும் பார்க்கவில்லை என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். அதற்குப் பிறகு எனக்குக் கோபம் பாதி போய்விட்டது. ஆனால் அவர் சொன்ன ஒரு விஷயம் எனக்குப் புதிது. கடிதம் திரும்பாமல் இருந்திருந்தாலும், அம்மா மூன்று மாதத்துக்கு மேல் நாட்டில் இல்லாததால் பெயரை எடுக்க விதி இடம் கொடுக்கிறதாம். முன்மேசை, இது உண்மையா?

முன்மேசை | பதிவு 19

உண்மை. மூன்று மாதத்துக்கு மேல் நாட்டை விட்டுப் போகிறவர், போனவர் பெயரை எடுக்க, சேர்ஜரிக்கும் என்.எச்.எஸ்ஸுக்கும் உள்ள ஒப்பந்த விதியிலேயே இடம் இருக்கிறது. நீங்கள் சொன்னால்தான் எங்களுக்குத் தெரியும் என்பது வேறு விஷயம். நம் பெரியவர்கள் பலர் குளிருக்குப் பயந்து ஐப்பசியில் போய்ச் சித்திரைக்கு வருகிறார்கள். கோடு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு போவது நல்லது. திரும்பி வந்ததும் பதியலாம், அதற்குத் தடை இல்லை. ஒன்று மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஜீபியைப் பார்ப்பதற்கு இங்கே யாருக்கும் காசு இல்லை. ஆனால் ஜீபி பட்டியலில் பெயர் இருப்பதால் மட்டும் ஆஸ்பத்திரிச் சிகிச்சை இலவசம் ஆகிவிடாது. அதற்கு இந்த நாட்டில் வழமையாக வசிப்பவரா என்று வேறு கணக்குப் பார்ப்பார்கள்.

ரீடிங்காரன் | பதிவு 20

நல்ல செய்தி நண்பரே. ஒன்று கேட்டால் கோபிக்க மாட்டீர்களே? ஐந்தரை மாதம் அம்மா இங்கே இல்லை. அந்த ஐந்தரை மாதமும் அவர் 'வராதவரா', 'இல்லாதவரா'?

வடமேற்குவாசி | பதிவு 21

கோபம் இல்லை. இரவு முழுக்க நானும் அதைத்தான் யோசித்தேன். விதிப்படி பார்த்தால் மூன்றாவது மாதம் முடிந்ததும் 'இல்லாதவர்'. ஆனால் அவரின் கட்டில், அவரின் சாமிப்படம், அவரின் பஸ் பாஸ் எல்லாம் இங்கே என் வீட்டில் இருந்தன. ஒரு போன் எடுத்திருந்தால் சொல்லியிருப்பேன், "தைக்கு வந்துவிடுவார்" என்று. என் முறைப்பாடு அந்த ஒரு போன் மட்டும்தான். விதி வைத்திருக்கட்டும்.

பழைய பனை | பதிவு 22

கடிதம் ஒன்றையே நம்பும் காலம் போய்விட்டது. டெக்ஸ்ட் இருக்கிறது, ஆப் இருக்கிறது, பார்மசியில் போன மாதம் யார் மருந்து எடுத்தார் என்ற பதிவு இருக்கிறது. எடுப்பதற்கு முன் இந்த மூன்றையும் பார்க்க வேண்டும் என்று வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். ஆனால் அதைப் பார்ப்பதற்கு ஆள் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் வேண்டும். பேய் பிடிக்கக் கேட்கும் காசை இதற்குக் கேட்டுப் பாருங்கள்.

டூட்டிங்_24 | பதிவு 23

இதை எல்லாம் வாசித்துவிட்டு ஆப்பைத் திறந்து பார்த்தேன். என் பெயர் இருக்கிறது. விலாசம்தான் 2019ல் விட்டுவந்த அறையுடையது. மாற்றிவிட்டேன். அந்த அறையில் இப்போது யார் இருக்கிறார்களோ, என் கடிதங்களைத் திருப்பி அனுப்பாமல் இருந்ததற்கு நன்றி.

வெம்பிளி புதியவள் | பதிவு 24

முதல் முறையாக எழுதுகிறேன். இதே இழையில் கேட்கலாமா என்று தெரியவில்லை, என் பிரச்சினை தலைகீழ். மாமா கொழும்புக்குப் போயிருந்தபோது அங்கேயே காலமானார், இரண்டு வருடம் ஆகிறது. இன்னமும் அவருக்குக் காய்ச்சல் ஊசிக்கு வரச் சொல்லி டெக்ஸ்ட் வருகிறது, போன மாதம் குடல் பரிசோதனைப் பெட்டியும் வந்தது. அந்தப் போன் இப்போது மாமியிடம் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் அவர் எடுத்து வாசித்துவிட்டு எனக்குக் காட்டுகிறார். யாரிடம் சொல்வது?

முன்மேசை | பதிவு 25

தங்கச்சி, முதலில் அனுதாபங்கள். வெளிநாட்டில் இறந்தால் அந்தச் செய்தி தானாக இங்கே வந்து சேராது. யாராவது சொன்னால்தான் உண்டு. மாமாவின் சேர்ஜரிக்கு மரணச் சான்றிதழின் பிரதியைக் கொண்டுபோய்க் கொடுங்கள். சிங்களத்தில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பும் வைத்துக்கொள்ளுங்கள், வேலை சுலபமாகும். அவரின் என்.எச்.எஸ் எண் அந்தப் பெட்டியோடு வந்த கடிதத்திலேயே இருக்கும்.

மாமியைக் கூட்டிக்கொண்டு போக வேண்டியதில்லை, நீங்கள் போனால் போதும். போன் எடுப்பதென்றால் காலை எட்டு மணிக்கு மட்டும் எடுக்காதீர்கள். பதினொரு மணிக்குப் பிறகு எடுங்கள், எங்களுக்கும் மூச்சுவிட நேரம் இருக்கும்.